மூடும் முன் எண்ணுகிறவர்

சிஸ்டர் எதையும் எண்ணாமல் மூட மாட்டார். டிபன் பாக்ஸை மூடுவதற்கு முன் இட்லியை எண்ணுவார். பீரோவை மூடுவதற்கு முன் சேலைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஷேர் ஆட்டோவுக்குக் கதவே கிடையாது, ஆனாலும் உள்ளே எத்தனை தலை என்று பார்த்துவிட்டுத்தான் "போலாம்ப்பா" என்பார். ஒருமுறை புளியங்குடிக்குப் போகும்போது ஏறியது எட்டுப் பேர், இறங்கும்போது ஏழு பேர் என்று டிரைவரோடு பெரிய சண்டை. நடுவழியில் ஒருவர் இறங்கிப்போனதை இவர் கண்ணயர்ந்ததில் கவனிக்கவில்லை. டிரைவர் சத்தியம் பண்ணிச் சொன்ன பிறகும் மறுநாள்வரை அவர் முகம் சரியில்லை.

கேட்டால் சிரிப்பு வரும். நானும் சிரித்திருக்கிறேன், ஆனால் எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஏன் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்துப் பம்மாத்துப் பண்ண எனக்கு வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவிலில் அப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் ஜவுளிக்கடை. அங்கே அவர் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், நான் தியேட்டர் உதவியாள். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது ரத்தத்தை ஒற்றியெடுக்க மடித்த துணிகள் வைப்போம். மாப் என்போம். ரத்தத்தில் ஊறிய மாப் உள்ளே கிடந்தால் குடலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வயிற்றை மூடுவதற்கு முன் இரண்டு பேர் எண்ணவேண்டும். டிராலியில் மிச்சமிருப்பதை சிஸ்டர் எண்ணுவார். பயன்படுத்தி வாளியில் போட்டதை நான் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் விரித்து எண்ணவேண்டும். இரண்டையும் கூட்டினால் ஆரம்பத்தில் எடுத்த கணக்கு வரவேண்டும். வந்தால்தான் டாக்டர் தையல் ஊசியை வாங்குவார்.

"ஒரு ஆளு எண்ணுனா எண்ணுன மாதிரி இல்ல தம்பி. ரெண்டு வாய் சொல்லணும்" என்பார் சிஸ்டர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னது.

அன்றைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஊர்க்காரப் பெண், முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண்பிள்ளைகள். காலையிலிருந்து அது நாலாவது கேஸ். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டோம். டாக்டர் "கவுண்ட்?" என்று கேட்டார். சிஸ்டர் "டிராலியில மூணு" என்றார். எடுத்தது மொத்தம் பத்து. வாளியைப் பார்த்தேன். துணியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சிவப்பாகக் கிடந்தது. குனிந்து பிரிக்க எனக்கு அலுப்பு. பத்தில் மூன்று போனால் ஏழு. "ஏழு" என்றேன்.

எண்ணவில்லை, கழித்தேன். வாளியில் ஆறுதான் இருந்திருக்கிறது.

மூன்று மாதம் அந்தப் பெண் வயிற்றுவலி, காய்ச்சல் என்று அலைந்திருக்கிறாள். வாயு என்றார்கள், அல்சர் என்றார்கள். கடைசியில் திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்துத் திறந்து பார்த்தால் உள்ளே மாப். அதற்குள் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டவர் சிஸ்டர். எனக்கு அதில் இடமே கிடையாது. டாக்டர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார், சிஸ்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த மாப்பும் வாளியில் கிடந்த மாப்பும் ஆபரேஷன் அன்றே எரிக்கப் போயாகிவிட்டது. இரண்டு பேரில் யார் எண்ணிக்கை தப்பு என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது, என்னைத் தவிர.

விசாரணை முடிந்து ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, வாளியில ஏழுதான இருந்துச்சு?"

"ஏழுதான் சிஸ்டர்."

"விரிச்சுப் போட்டு எண்ணுனியா?"

"எண்ணுனேன் சிஸ்டர்."

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "அப்ப என் கையிலதான். ரெண்ட மூணுன்னு எண்ணிருக்கேன். மடிச்சது ஒண்ணு பிரிஞ்சு ரெண்டாத் தெரிஞ்சிருக்கும்" என்றார். கோபம் இல்லை, அழுகை இல்லை. அது எப்படி நடந்திருக்கும் என்று அவருக்குப் புரியவேண்டும், அவ்வளவுதான். புரியாமலே ஒன்பது வருஷம் இருந்தார்.

அந்த ஒன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனை தடவை கேட்டார் என்று நான் எண்ணவில்லை, அவர் எண்ணியிருப்பார். கேட்கும்போதெல்லாம் "ஏழுதான் சிஸ்டர்" என்றேன். முதலில் வேலை போய்விடும் என்று பயம், பிறகு போலீஸ் என்று பயம். ஆஸ்பத்திரியே மூடி, நான் ராஜபாளையம் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்ற பிறகு யாருக்குப் பயப்படுவது? பயம் போய்விட்டது, பொய் மட்டும் பழகிவிட்டது. மானங்கெட்ட பழக்கம்.

ஒரு நாள் அவர் கடைக்கு வந்து பதினோராம் நம்பர் பிளேடு கேட்டார். ஆபரேஷனுக்கு எடுக்கிற கூர்மையான பிளேடு. ஏதாவது செய்துகொள்ளப் போகிறாரோ என்று பயந்தேன். கூடவே காதுகுடையும் பட்ஸ், வெள்ளைப் பேப்பர் பிளாஸ்திரி எல்லாம் கேட்டார்.

"என்னத்துக்கு சிஸ்டர்?"

"ஏரோபிளேன் செய்யுதேன்" என்றார்.

புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். பிசகவில்லை. அவருடைய தம்பி விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றுக் கோயம்புத்தூரில் இருக்கிறார். அக்கா சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாதென்று கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். பெட்டிக்குள் பிளாஸ்டிக் பாகங்கள், கொத்துமாங்காய் மாதிரி ஒரு கம்பியோடு ஒட்டிக்கொண்டு. ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, பசை போட்டு ஒட்டினால் நிஜ விமானத்தின் சின்ன உருவம் வரும். முதல் வருஷம் வந்தது ஒரே ஆள் ஓட்டுகிற சின்னப் போர்விமானம். அடுத்த வருஷம் இன்னொன்று.

சிஸ்டர் வீடு விசைத்தறிகள் நிறைந்த தெருவில். காலை முதல் ராத்திரி வரை தறிச் சத்தம், சுவரில் கை வைத்தால் அதிரும். நான் பிளேடு கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் போவேன். உள்ளே மேஜைமேல் பச்சைத் துணி விரித்திருப்பார், தியேட்டரில் விரிப்போமே அந்தத் துணி. கையுறை, முகக்கவசம். ரத்தக்குழாயைப் பிடிக்கிற இடுக்கியால் அரிசி பருமன் சக்கரத்தைப் பிடித்துப் பெயின்ட் அடிப்பார். பக்கத்தில் ஒரு சிலேட்டு, அதில் பாகங்களின் கணக்கு. வெட்டியது இத்தனை, ஒட்டியது இத்தனை, மிச்சம் இத்தனை.

உட்பக்கம் முழுவதற்கும் பெயின்ட் அடிப்பார். சீட்டு, சீட்டு பெல்ட்டு, கைப்பிடி எல்லாவற்றுக்கும். இரண்டு பாதி உடலையும் ஒட்டி மூடினால் அதில் ஒன்றுகூட வெளியே தெரியாது.

"மூடுன பெறகு யாரு சிஸ்டர் பாக்கப்போறா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். "யாரும் பாக்க மாட்டாங்கன்னுதான இம்புட்டும் நடக்கு" என்றார்.

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸில் பெரிய பெட்டி வந்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். இரண்டு எஞ்சின், வாலில் இரண்டு துடுப்பு, மூக்கில் கண்ணாடிக் கூண்டு. தம்பி சின்ன வயதில் செய்ய ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன மாடலாம், இன்னமும் அதே அச்சில் வார்க்கிறார்களாம். பெட்டியின் மேல் படம்: விமானம் உயரத்தில் போகிறது, கீழே ஊர் எரிகிறது.

சிஸ்டர் அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலு வீடு எரியுது. பொகைக்குள்ள எத்தனன்னு தெரியல" என்றார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "மேல இருந்து போடுதவன் கீழ எத்தன பேருன்னு எண்ண மாட்டான் பாரு. கொண்டுபோன குண்டத்தான் எண்ணுவான்" என்றார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

உள்ளே உட்காரவேண்டிய ஐந்து ஆட்களுக்கும் அவரே முகம் தீட்டினார். சுண்டுவிரல் நகம் அளவு முகம், அதில் கண். ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி, "இவனுகளுக்கும் அம்மா இருந்திருப்பா" என்றார். சர்க்கரை வியாதியால் அவர் பார்வை அப்போதே மங்க ஆரம்பித்திருந்தது. ஒரு முகத்துக்கு மூன்று நாள் ஆகும்.

இந்த மாடலில் ஒரு சிக்கல் உண்டு. விமானம் நிற்பது மூன்று சக்கரத்தில், மூக்குக்குக் கீழே ஒன்று, இறக்கைக்குக் கீழே இரண்டு. பிளாஸ்டிக்கில் செய்யும்போது வால்பக்கம்தான் கனம். அதனால் மூடுவதற்கு முன் மூக்குக்குள் கனமாக எதையாவது வைத்து ஒட்டிவிடவேண்டும். மறந்துபோய் மூடினால் அவ்வளவுதான், திறக்க முடியாது. விமானம் வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். சிஸ்டர் என்னை சைக்கிள் கடைக்கு அனுப்பி இரும்புப் பால்ரஸ் வாங்கிவரச் சொன்னார். எடைபார்த்து, இருபத்திரண்டு உருண்டை வேண்டும் என்று முடிவு செய்து ஒரு சில்வர் கிண்ணத்தில் போட்டுவைத்தார்.

மூடுகிற நாளாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். சர்ச் முடிந்து வந்திருந்தார். தறி ஓடாத நாள் என்பதால் தெருவே அமைதியாக இருந்தது. என் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்தார்.

"என் கண்ணு முன்ன மாதிரி இல்ல. நான் பேரு சொல்லுதேன். நீ உள்ள பாத்து இருக்கா இல்லியான்னு சொல்லு. ரெண்டு வாய் சொல்லணும்" என்றார்.

முப்பத்தொரு சாமான். அவர் சிலேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பைலட் சீட்டு ரெண்டு."

"இருக்கு."

"ஆளு அஞ்சு."

"இருக்கு."

பத்து வரைக்கும் டார்ச் அடித்துப் பார்த்தேன். இருபது வரைக்கும் பார்த்தேன். என் வீட்டுக்காரி இரண்டு தடவை போன் செய்துவிட்டாள், சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்களாம். இருபத்தேழாவதாக சிஸ்டர், "மூக்குல பால்ரஸ் இருபத்திரண்டு" என்றார். நான்தான் வாங்கிவந்தேன், எடைபோட்டதையும் கண்ணால் பார்த்தேன். வைக்காமலா இருப்பார்?

"இருக்கு" என்றேன்.

"பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன் சிஸ்டர்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மிச்ச நாலையும் வாசித்தார். இரண்டு பாதியின் விளிம்பிலும் பசை தடவிப் பொருத்தி, பிளாஸ்திரியால் சுற்றி, பச்சைத் துணியால் மூடினார். அந்த மூடலை அவ்வளவு சுத்தமாகச் செய்தார்.

அதற்குப் பிறகும் ஒன்றரை மாதம் வேலை இருந்தது. இறக்கை, எஞ்சின், துப்பாக்கி, வெளிப்பெயின்ட் எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்தார். நான் போகும்போதெல்லாம் டீ கொடுத்தார். அந்த ஒன்றரை மாதத்தில் ஒரு தடவைகூட வாளியைப் பற்றிக் கேட்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

கடைசியில் சக்கரம் மாட்டிய அன்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். விமானத்தைக் கையில் ஏந்தி மேஜைமேல் மூன்று சக்கரத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். 'டக்' என்று வால் மேஜையில் இடித்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்த ஐந்து பேரும் மேல்கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார்கள்.

சிஸ்டர் பீரோவைத் திறந்து அந்தச் சில்வர் கிண்ணத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எண்ணு" என்றார்.

எண்ணினேன். இருபத்திரண்டு.

"அப்ப மூக்குல?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"நான் வைக்கல. வைக்கலன்னு எனக்குத் தெரியும். நீ பாக்குதியான்னுதான் பாத்தேன்." குரலை உயர்த்தவில்லை. பதினோரு மாதம் செய்ததை இதற்காகப் பாழாக்கியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "இப்ப சொல்லு. அன்னிக்கு வாளியில எத்தன?"

"எண்ணல சிஸ்டர்" என்றேன். "நீங்க மூணுன்னு சொன்னிய. பத்துல மூண கழிச்சேன்."

"கழிச்ச" என்றார்.

"ஆமா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கி மூன்று விரலை விரித்து, கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மூணுதான்" என்றார். "மூணுதான் இருந்திருக்கு." அப்புறம் அழுதார். முன்பு ஒருநாளும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்னைத் திட்டியிருந்தால், செருப்பால் அடித்திருந்தால், நன்றாக இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒம்பது வருசம்லா" என்றார். "தெனமும் அந்த டிராலிய எண்ணிட்டு இருந்தேனே."

நான் கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த வீட்டுக்குப் போயி நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

"சொல்லுதேன் சிஸ்டர்."

போகவில்லை. ஒரு தடவை பஸ் ஏறி அந்த ஊர் நிறுத்தம்வரை போனேன். இறங்கி டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சிஸ்டர் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. நானும் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. போன தை மாதம், தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் நான் கடைசி ஆளாக நின்று பார்த்தேன். கையில் பைபிள் ஒன்று, ஜெபமாலை கிடையாது, மூக்குக்கண்ணாடி ஒன்று. வேறு என்ன எண்ணுவது என்று தெரியவில்லை.

காரியம் முடிந்து அவருடைய தம்பி ஒரு அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தார். "அக்கா உங்ககிட்ட குடுக்கச் சொல்லி எழுதி வச்சிருந்தா" என்றார். அந்த விமானம். கூடவே சில்வர் கிண்ணம், அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி அவர் கையெழுத்தில் '22'.

விமானம் இப்போது மருந்துக்கடை அலமாரியில் வாலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்களெல்லாம், "அண்ணாச்சி, பின்னால ஒரு மாத்திரை டப்பாவ முட்டுக் குடுங்க, நேரா நிக்கும்லா" என்று யோசனை சொல்கிறார்கள். நான் முட்டுக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடியும் பஸ் ஏறினேன்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. சிஸ்டர் இறந்துபோன விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"வருசாவருசம் இவ செத்த நாளைக்கு அந்தம்மா வருவாவ" என்றார். "மொதல்ல ரெண்டு வருசம் எங்கம்மா சாணியக் கரைச்சு ஊத்துனா. அப்பயும் வந்தாவ. 'தப்பு என்னோடதுதான், நான் சரியா எண்ணல'ன்னு சொல்லிட்டு, பிள்ளைகளப் பாத்துட்டுப் போவாவ."

"கடைசியா எப்ப வந்தாங்க அண்ணாச்சி?"

"போன கார்த்திகையில. அன்னிக்கு மட்டும் ஒண்ணும் சொல்லல. வழக்கமா சொல்லுததச் சொல்லவே இல்ல. இந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தாவ. நான்கூட கேட்டேன், 'என்னம்மா, என்னமும் சொல்லணுமா'ன்னு. 'சொல்லுத ஆளு வருவாவ'ன்னுட்டு எந்திச்சுப் போயிட்டாவ."

உளுந்தைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து முதல் தடவையாக என்னை நன்றாகப் பார்த்தார்.

"ஆமா, நீங்க யாரு?"

"அந்த வாளிய எண்ண வேண்டிய ஆளு" என்றேன். பத்தையும் மூன்றையும் ஏழையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்தார். கையில் ஒட்டியிருந்த உளுந்தைத் தட்டிவிட்டு எழுந்தார். வீட்டுக்குள் போனார். எதை எடுக்கப் போனாரோ, யாரைக் கூப்பிடப் போனாரோ தெரியாது. நான் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.